அஸ்திபாரத்தைப் பார்த்து அழுதவர்கள்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்து சென்ற பின்பு, நம் சபையைச் சேர்ந்த தகப்பன் ஒருவர் ஆலய வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய மகன் நீட் தேர்வு எழுதியிருக்கிறான். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை நிரப்பும் நாள் நெருங்குகிறது. கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் கல்லூரிகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். பழைய கல்லூரிகள் மேலே, அண்மையில் தொடங்கப்பட்டவை கீழே. கீழே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி. "ஐயா, இவையெல்லாம் புதுக் கல்லூரிகள். பட்டியலில் போடலாமா, வேண்டாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை மிக விரைவாகப் பதில் சொல்லி, ஒரு பிள்ளையின் வாழ்வில் ஓர் ஆண்டையே பறித்துவிட இருந்தவன் நான். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல், அதை இன்று உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

அது 2017-ஆம் ஆண்டு. சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்த ஒருவரின் மகள், மருத்துவப் படிப்புக்காக ஏற்கெனவே ஓர் ஆண்டு வீட்டிலிருந்து படித்து, புதுச்சேரி ஜிப்மர் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுதியிருந்தாள். அந்நாட்களில் ஜிப்மர் தனக்கென்று தனித் தேர்வு நடத்தியது. 2020-இலிருந்துதான் அதற்கும் நீட் தேர்வே வழியாயிற்று. பிள்ளைக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவள் ஆசைப்பட்ட புதுச்சேரியில் அல்ல. காரைக்காலில் இருந்த கிளை வளாகத்தில்.

ஜிப்மரின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1823-இல் பிரெஞ்சு ஆட்சியினர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே அதன் வேர். 1964-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. நெய்வேலியில் ஒரு வீட்டில் பெரிய வியாதி வந்தால், "ஜிப்மருக்குக் கொண்டுபோங்கள்" என்பதுதான் நாம் சொல்லும் முதல் வார்த்தை. அந்தப் பெரிய ஆலமரம் 2016-இல் ஐம்பது மாணவர்களோடு காரைக்காலில் ஒரு விழுதை ஊன்றியது. சொந்தக் கட்டடம் எழும்பாத காலம். தற்காலிக வளாகத்தில்தான் வகுப்புகள். நம் பிள்ளை சேர வேண்டிய ஆண்டில் அவளுக்கு முன்னே இருந்தது ஒரே ஒரு வகுப்பு.

தாயும் தகப்பனும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். விஷயத்தைக் கேட்ட மாத்திரத்தில் நான் சொன்னேன்: "அம்மா, இன்னும் ஓராண்டு பொறுத்திரு. கிளை வளாகம் கிளை வளாகம்தான். அடுத்த ஆண்டு புதுச்சேரியே கிடைக்கும்."

அது அக்கறையான ஆலோசனை என்றே அப்போது எண்ணினேன். பிற்பாடு என் இருதயத்தை ஆராய்ந்தபோது, அதன் அடியில் வேறொன்று கிடந்தது. நம் சபையின் பிள்ளை ஒருத்தி பேர்பெற்ற அந்தப் பெரிய வளாகத்தில் படிக்கிறாள் என்று ஞாயிறு அறிவிப்பில் சொல்ல நான் ஆசைப்பட்டேன். என் பெருமைக்கு விலையாக ஒரு தொழிலாளியின் வீட்டில் இன்னும் ஓராண்டுச் சம்பளத்தையும், ஒரு பெண்பிள்ளையின் மன வலிமையையும் செலவிடத் துணிந்தேன். அடுத்த ஆண்டு எந்த இடமுமே கிடைக்காமல் போகலாம் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தகப்பன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அந்தத் தாய்தான் மெல்லக் கேட்டார்: "ஐயா, நீங்கள் இங்கே வந்தபோது நம்ம சபைக்கும் கூரைக் கொட்டகைதானே இருந்தது?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி என்னை நொறுக்கிற்று. இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்த நாளில், மணிக்கூண்டும் கல் தூண்களும் உள்ள ஒரு பழைய ஆலயத்துக்கு அனுப்பப்படுவேன் என்று காத்திருந்தவன் நான். எனக்குக் கிடைத்ததோ நகரியத்தின் ஓரத்தில், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்து குடியேறிய சில குடும்பங்கள் கூடிவந்த ஒரு கிளைச்சபை. பாய் விரித்து உட்காருவார்கள். மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. முதல் மாதத்தில் நான் இரவில் அழுதிருக்கிறேன். அந்தக் கொட்டகையில் பாய் விரித்துப் போட்ட பெண்களில் ஒருவர்தான் இன்று மகளோடு என் முன்னே உட்கார்ந்திருந்தார். கிளைச்சபை எனக்கு எதைக் கொடுத்தது என்பதை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை.

அன்றிரவு எஸ்றாவின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் எருசலேமில் தேவாலயத்துக்கு மறுபடியும் அஸ்திபாரம் போடுகிறார்கள். ஆசாரியர்கள் பூரிகை ஊதுகிறார்கள். லேவியர்கள் தாளங்களைக் கொட்டுகிறார்கள். இளைஞர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கிறார்கள். ஆனால் சாலொமோன் கட்டிய முந்தின ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியவர்கள் புதிய அஸ்திபாரத்தைப் பார்த்துச் சத்தமிட்டு அழுதார்கள். ஆரவாரம் எது, அழுகை எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டதாக வேதம் சொல்லுகிறது.

கவனியுங்கள்: அழுதவர்களை வேதம் அங்கே கடிந்துகொள்ளவில்லை. பெரியதைக் கண்ட கண்களுக்குச் சிறியது துக்கம் தருவது இயல்பு. ஆனால் அதே ஆலயத்தைக் குறித்துச் சகரியா தீர்க்கதரிசி நாலாம் அதிகாரத்தில், சிறிதாய்த் தொடங்கும் நாளை இகழ யாருக்கு உரிமை என்ற பொருளில் கேட்கிறார். அழுவது பாவம் அல்ல. அழுகையைக் காரணம் காட்டிக் கட்டாமல் விட்டுவிடுவதே ஆபத்து. நான் செய்யவிருந்தது அதுதான். அழும் முதியவனாகிய நான், ஆர்ப்பரிக்க வந்த ஒரு பிள்ளையின் வாயை அடைக்கப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், "நேற்று நான் சொன்னது தவறு, மன்னியுங்கள்" என்றேன். பின்பு நால்வருமாக உட்கார்ந்து, கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டோம். பட்டத்தை வழங்குவது யார்? அதே ஜிப்மர். அங்கீகாரம் உண்டா? உண்டு. கட்டணம் தகப்பனுடைய வருமானத்துக்குள் அடங்குமா? அடங்கும். நோயாளிகள் வருகிறார்களா? அந்த வட்டாரத்து மீனவரும் விவசாயிகளும் நல்ல வைத்தியத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கேள்வியை அந்தப் பிள்ளையே கேட்டாள்: "ஐயா, அங்கே உள்ள ஜனங்களுக்கு நான் தேவைப்படுவேனா?" அதற்குப் பதில் சொல்ல எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

சேர்க்கைக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி வழியாகப் பேருந்து போயிற்று. காரைக்காலுக்குச் சற்று முன்னே தரங்கம்பாடி வந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கிய கடற்கரை அது. இளைஞர், மொழி தெரியாது, வரவேற்பும் இல்லை. அவர் மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்ற பிள்ளைகளோடு தாமும் எழுதிப் பழகினார். பத்து ஆண்டுகள் கடக்குமுன்பே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. 36 வயதில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாம் இன்று கையில் ஏந்தும் தமிழ் வேதாகமம் அத்தகைய சிறிய தொடக்கத்தின் கனி அல்லவா? ஜன்னல் ஓரத்தில் இருந்த பிள்ளைக்கு இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவளுடைய படிப்புக்காலம் எளிதாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். முதல் ஆண்டில் பலமுறை தொலைபேசியில் அழுதாள். வழிகாட்ட மூத்தவர்கள் அதிகம் இல்லாதது அவளுக்குப் பெரும் பாரமாக இருந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவள் சொன்ன வார்த்தையை நான் குறித்து வைத்திருக்கிறேன்: "ஐயா, இங்கே எதற்கும் இன்னும் வழக்கம் என்று ஒன்று இல்லை. நாங்கள் எதைத் தொடங்குகிறோமோ அதுவே வழக்கமாகிவிடும்." அந்த ஆண்டில்தான் அவளும் தோழிகள் சிலரும் ஞாயிறு மாலைகளில் கூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரத்தில் இதே காட்சியைக் காண்கிறோம். எருசலேம் தாய்ச்சபை, அந்தியோகியா புதிய கிளை. அங்கே நடப்பதை அறிந்துவர பர்னபா அனுப்பப்படுகிறார். எருசலேமில் இருந்தவை அங்கே இல்லையே என்று அவர் குறை காணவில்லை. தேவனுடைய கிருபை அங்கே இருந்ததைக் கண்டு மகிழ்ந்தார் என்று வாசிக்கிறோம். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது எருசலேமில் அல்ல, அந்தக் கிளைச்சபையில்தான்.

நம் ஊரையே எண்ணிப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெய்வேலிச் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961-இல். நடுவில் நாலு ஆண்டுகள் வெறும் மேல்மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். அடியிலிருந்து பீறிட்டு மேலெழும் நீரை இரவும் பகலும் இறைத்தார்கள். அந்நாட்களில் அந்தப் பள்ளத்தைப் பார்த்து நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். இன்று நம் வீட்டு விளக்கு எரிகிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, யார் விண்ணப்பிப்பார்கள் என்று ஐயுற்றவர்கள் உண்டு. முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. பேரும் வரலாறும் இல்லாத ஒரு புதுப் பள்ளியை நம்பி மகள்களை அனுப்பிய அந்தப் பெற்றோரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இப்போது ஆலய வாசலில் காத்திருந்த அந்தத் தகப்பனிடம் திரும்பி வருகிறேன். 2022 ஜனவரி 12 அன்று நம் மாநிலத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அருகிலுள்ள கள்ளக்குறிச்சியும் அரியலூரும் அவற்றுள் அடங்கும். மதுரை எய்ம்ஸ் நிறுவனத்தின் முதல் 50 மாணவர்கள் சொந்தக் கட்டடம் எழும்புமுன்பே இராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கினார்கள். ஆகவே இந்தக் கேள்வி நம்மில் இன்னும் பல வீடுகளுக்கு வரும். நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். புதியது என்பதற்காகவே எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அங்கீகாரத்தையும் ஆசிரியர்களையும் மருத்துவமனையையும் கட்டணத்தையும் விசாரியுங்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கலந்தாய்வு விதிகளைத் தெளிவாக வாசியுங்கள். ஆனால் புதியது என்பதற்காகவே எதையும் தள்ளிவிடவும் வேண்டாம். பட்டியலை நிரப்புமுன் பிள்ளையை அழைத்து, "இந்த வரிசையை எழுதுவது உன் அழைப்பா, என் பெருமையா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியவன் என்ற முறையில் இதைச் சொல்லுகிறேன்.

2024 பிப்ரவரியில் ஜிப்மரின் காரைக்கால் மருத்துவக் கல்லூரி வளாகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவள் நம் பிள்ளைதான். அப்போது அவள் படிப்பையும் பயிற்சியையும் முடித்து, ஒரு கிராமத்து மருத்துவமனையில் பணி செய்துகொண்டிருந்தாள். செய்தியின் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "ஐயா, கட்டடம் திறக்கும்போது நாங்கள் வெளியே வந்துவிட்டோம். ஆனாலும் அந்த அஸ்திபாரத்தில் நாங்களும் இருக்கிறோம்."

அஸ்திபாரம் போடுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் குடியிருப்பதில்லை. இதைக் கற்பிக்க வேண்டியவன் நான். எனக்கு அதைக் கற்பித்தது நம் பிள்ளை.

ஜெபிப்போம்: பரம பிதாவே, பெரியவற்றின் நிழலில் ஒதுங்க ஆசைப்படும் எங்கள் இருதயத்தை மன்னியும். இந்நாட்களில் தீர்மானம் எடுக்க வேண்டிய எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிவைத் தாரும். பெற்றோருக்கும் போதகருக்கும் தாழ்மையைத் தாரும். எங்கே அனுப்பினாலும் அங்கே உமது கிருபையைக் காணும் கண்களை எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.

உங்கள் ஊழியத்தில்,
சபைப் போதகர்