இரைச்சலுக்கு அடியில்

1940 நவம்பர் 7. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற குளிர் ஊர். அன்றிரவு அங்கே கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடன அரங்கில் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, இசைத்தட்டில் நேரடியாக வெட்டிப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பதிவதைக் காசாக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு தட்டு நிறைந்தால் அடுத்ததை மாட்ட வேண்டும். மாட்டுகிற நேரத்தில் வாசித்தது போனது போனதுதான். அதனால் சில பாட்டுகள் நடுவில் தொடங்கும், சில முடியாமலே அறுந்துபோகும். ஆட வந்தவர்களின் பேச்சும் சேர்ந்து கேட்கும். இருந்தும், குழுவின் பென் வெப்ஸ்டர் ‘ஸ்டார்டஸ்ட்’ வாசிக்கும் இடத்தில் சாக்ஸபோன் குழாய்க்குள் அவர் மூச்சு இறங்குவது தெரிகிறது. 1978இல் அந்தப் பதிவு முறையாக வெளிவந்தது. 1980இல் கிராமி விருதும் பெற்றது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த எத்தனையோ ஸ்டூடியோ பதிவுகளைவிட, ஆசைக்குச் செய்த இந்தப் பதிவு எனக்கு நெருக்கம்.

நான் நடுநிலையாளன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாஸ் எனக்கு வந்த வழி சிற்றலை வானொலி. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1955 முதல் வில்லிஸ் கோனோவர் நடத்திய நிகழ்ச்சி அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரிகிற மாதிரி நிதானமாகப் பேசுவார். அலை ஏறும், இறங்கும். நல்ல இடத்தில் பக்கத்து நாட்டு நிலையம் குறுக்கே வந்து உட்காரும். இரைச்சலை விலக்கி இசையைப் பொறுக்கியெடுக்க அப்போதே பழகிவிட்டது. அப்படிப் பழகாதவர்களோடு எனக்குச் சண்டை ஓய்வதில்லை.

பழம்பதிவு சேர்க்கிறவர்களின் உலகமே சண்டையால் ஆனது. ஒரே மூன்று நிமிடப் பாட்டுக்கு நாலைந்து பதிப்பு இருக்கும். எதில் சிம்பல் என்ற வெண்கலத் தாளம் தெளிவு, எதில் பாஸ் அமுங்கியிருக்கிறது என்று பொழுது விடிய விடியப் பேசுவார்கள். வெளியாளுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அதன் அடியில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: வயதான ஒன்றில் எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது?

பழைய தட்டின் கரகரப்பு எங்கிருந்து வருகிறது? 78 வேகத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரந்ததுதான். (1942இல் போர் காரணமாக அமெரிக்க அரசு அரக்குப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது அங்கே இசைத்தட்டுத் தொழிலே திணறிப்போனது.) அரக்கோடு கல்தூளையும் கலந்து அழுத்தினார்கள். எஃகு ஊசி அதில் உரசி, தேய்ந்து, பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு வர வேண்டும் என்பதற்காக. ஆக, கரகரப்பு தட்டோடு கூடப் பிறந்தது. பின்னால் வந்த நோய் இல்லை.

அந்தக் கரகரப்பை அகற்ற வழி உண்டு. மேல் அலைவரிசைகளை வெட்டினால் இரைச்சல் போய்விடும். கூடவே சிம்பலின் மேல் ‘பிரஷ்’ உரசும் ஒலியும், ஊதுகிறவரின் மூச்சும் போய்விடும். கணினி வந்த புதிதில் இப்படிச் சுத்தம் செய்த தட்டுகள் தண்ணீருக்கடியில் வாசித்தது போல ஒலித்தன. நேர்மாறாக, இங்கிலாந்தில் ஜான் ஆர். டி. டேவிஸ் என்று ஒருவர் இருந்தார், அவரே இசைக்கலைஞர். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் தேய்மானத்துக்கு ஏற்ற ஊசியைத் தேடிப் போட்டு டேப்பில் ஏற்றுவார். பிறகு ஒவ்வொரு ‘டிக்’ ஒலியும் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, டேப்பின் மேல்பூச்சை அந்த இடத்தில் மட்டும் கையால் சுரண்டி எடுப்பார். அவசரப்படுகிற கைக்கு ஆகாத வேலை. அவர் தொட்ட பதிவுகளில் இரைச்சல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை வேண்டுமென்றே விட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இரைச்சல் வேறு, சுருதிப் பிழை வேறு. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடியதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் கிட்டத்தட்டக் கால் கட்டை ஏறியே வெளிவந்தன. காதில் துளி இரைச்சல் கிடையாது. எல்லாம் பளிங்கு மாதிரி. அதனால் ஊரே அதை உண்மை என்று நம்பியது. கூடவே வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அதே நாளில் இன்னொரு இயந்திரத்தில் ஓடிய மாற்று டேப்பை வைத்து 1992இல்தான் திருத்தினார்கள். அழுக்குச் சட்டைக்காரனைச் சந்தேகப்பட்டு, சலவைச் சட்டைக்காரனுக்குக் கதவு திறந்துவிடுகிற புத்தி நமக்கெல்லாம் உண்டு. அது காதிலும் இருக்கிறது.

1956 நியூபோர்ட் ஜாஸ் விழா இன்னொரு கதை. எலிங்டனின் சாக்ஸபோன் கலைஞர் பால் கோன்சால்வஸ் அன்று 27 சுற்று இடைவிடாமல் ஊதி, குழுவுக்கே மறுவாழ்வு கொடுத்தார். ஆனால் அவர் ஊதியது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மைக்கில். தட்டு வெளியிட்ட கொலம்பியாவின் டேப்பில் அவர் தூரத்தில்தான் கேட்டார். அந்த ஆல்பத்தில் ஸ்டூடியோவில் மறுபடி வாசித்த பகுதிகளும் ஒட்டுப்போட்ட கைதட்டலும் இருந்தன. 1999இல் இரண்டு டேப்பையும் இணைத்து வெளியிட்ட பிறகுதான் அந்த இரவு எப்படி ஒலித்தது என்று தெரிந்தது.

அப்படியானால் ஒட்டுவேலை எல்லாமே பொய்யா? இங்கே எனக்கு ஒரு சிக்கல். 1953 மே 15, டொரன்டோ மாஸே ஹால். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் என்ற ஜாஸ் கலைஞர்கள் ஐவரும் ஒரே மேடையில். டேப்பில் பாஸ் சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பின்னால் தானே வாசித்து மேலே சேர்த்தார். அவருடைய கை, அவருடைய பாஸ். ஆனால் அந்த இரவு இல்லை. சேர்த்ததையும் கேட்கிறேன், சேர்க்காததையும் கேட்கிறேன்; எது நியாயம் என்று இன்றுவரை தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

பார்க்கர் என்றதும் டீன் பெனடெட்டி நினைவுக்கு வருகிறார். அவரும் சாக்ஸபோன் கலைஞர்தான், பார்க்கர்மேல் பித்து. 1947, 48இல் கிளப் கிளப்பாகப் பதிவுக் கருவியோடு போனார். பார்க்கர் தனியாக வாசிக்கத் தொடங்கினால் பதிவு ஓடும். மற்றவர் முறை வந்ததும் நிறுத்திவிடுவார். பக்கத்தில் நின்று வாசித்தவர் மைல்ஸ் டேவிஸாகவே இருந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. 1957இல் பெனடெட்டி இறந்தார். அந்தப் பதிவுகள் இருக்கின்றனவா என்பதே பல வருடம் கட்டுக்கதை மாதிரி உலவியது. 1990இல் மொசைக் நிறுவனம் ஏழு குறுந்தகடுகளாக வெளியிட்டது. ஒலி மோசம். கேள்விக்குப் பதில் இல்லாமல், பதிலுக்கு முன் கேள்வி இல்லாமல், பார்க்கர் திடீரென்று பாய்ந்து வந்து திடீரென்று அறுந்துபோகிறார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் செத்துப்போனவர்களை வீட்டில் நாம் நினைவுகூரும் விதம் உறைக்கிறது. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் பேசியதை மட்டும் சொல்கிறோம். அம்மா இடையில் என்ன சொன்னாள், எதற்கு அவர் அப்படிப் பதில் சொன்னார் என்பதைப் பதியாமலே விட்டோம். பெனடெட்டியிடம் குறைந்தபட்சம் டேப் தீர்ந்துவிடும் என்ற சாக்காவது இருந்தது.

சேகரிக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். புதிய பதிப்பு வந்தால் வாங்காமல் இருக்க மாட்டார். போன வாரமும் ஒரு தட்டைக் கொண்டுவந்து, இதில் மேல்பகுதி இரைச்சல் சுத்தமாக இல்லை என்றார். இரைச்சலோடு சிம்பலையும் வழித்துவிட்டார்கள் என்றேன். வார்த்தை தடித்தது. காபி கொண்டுவந்த மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “மாமா, போன மாசம் காது டாக்டர் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரிசல்ட்தானே கொடுத்தாரு?” உண்மைதான். வயதானால் முதலில் போவது மேல் அலைவரிசை. சிம்பலும் இரைச்சலும் குடியிருக்கும் இடம் அது. நண்பர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, “அதனாலென்ன, இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி” என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டு, தட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.