நகரங்களுக்கும் சகோதரிகள் உண்டு

அக்காள் தங்கை உள்ள வீட்டில் சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு. ஆனால் நகரத்துக்கும் நகரத்துக்கும் சகோதரி உறவு உண்டு என்று வரலாற்று வகுப்பில் கேட்டபோது, பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் வியந்தோம். கல்லுக்கும் மண்ணுக்கும் ஏது உடன்பிறப்பு? விடை தேடி நூலகம் சென்றோம். கிடைத்தது சீனத்து நாஞ்சிங் நகரின் கதை.

யாங்சி ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் நாஞ்சிங். பெயருக்கே 'தென் தலைநகர்' என்று பொருள். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1368-இல் இதைத் தம் தலைநகராக்கினார். அவர் எழுப்பிய மதிலில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. சீனக் குடியரசின் தந்தை சுன் யாட்-சென் துயில்வதும் இங்கேதான்.

இத்தனை பெருமையும் அந்நகரைக் காக்கவில்லை. 1937 டிசம்பர் 13-ஆம் நாள் ஜப்பானியப் படை உள்ளே புகுந்தது. அடுத்து வந்த வாரங்களில் மாண்டோர் 2,00,000-க்கும் மேல் எனப் போருக்குப் பின் டோக்கியோவில் நடந்த விசாரணை மன்றம் கூறியது. 3,00,000 என்கிறது சீனா. பெண்கள் பட்ட துயரைச் சொல்ல எங்கள் பேனா கூசுகிறது. அந்த இருளிலும் ஒரு விளக்கு எரிந்தது. ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் அமெரிக்க ஆசிரியை மின்னி வாட்ரின், ஏறத்தாழ 10,000 பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கல்லூரியில் அடைக்கலம் தந்தார். வாயிலில் நின்று சிப்பாய்களைத் தடுத்தார். இதைப் படித்தபோது எங்கள் பள்ளியின் வாயிற்கதவு எங்கள் கண்முன் வந்து நின்றது.

அத்தகைய நாஞ்சிங், 1978-இல் ஜப்பானின் நகோயா நகரோடு சகோதரி உறவு பூண்டது! மறு ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் இன்னொரு சகோதரியாயிற்று. அமெரிக்க நகரம் ஒன்றும் சீன நகரம் ஒன்றும் இவ்வாறு இணைந்தது அதுவே முதல் முறை. செயின்ட் லூயிசின் தாவரவியல் பூங்காவில் நாஞ்சிங் அன்பளிப்பாகத் தந்த மண்டபம் ஒன்று உள்ளது.

உறவுக்குச் சோதனை 2012-இல் வந்தது. நகோயாவின் மேயர், நாஞ்சிங்கிலிருந்து வந்த விருந்தினரிடமே, அப்படியொரு படுகொலை நடக்கவில்லை என்ற கருத்தைச் சொன்னார். நாஞ்சிங் உடனே அதிகாரபூர்வத் தொடர்புகளை நிறுத்தி வைத்தது.

இதைப் பற்றி எங்களுக்குள் பெரும் வாக்குவாதம் எழுந்தது. "ஒருவர் பேச்சுக்காக ஊரையே ஒதுக்கலாமா? நகோயாவின் குழந்தைகள் என்ன செய்தார்கள்?" என்றனர் சிலர். "என் கண்ணீரைப் பொய் என்பவளை எப்படித் தங்கை என்பேன்?" என்று கேட்டனர் வேறு சிலர். இரு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் ஒன்றில் ஒத்துப்போனோம்: பாட்டன் செய்த குற்றத்துக்குப் பேரன் பொறுப்பல்லன், ஆனால் அது நடந்தது என்று ஒப்புக்கொள்வது பேரனின் கடமை.

தோழியரே! ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது எளிது. பரிசுகள் பரிமாறுவது அதனினும் எளிது. உடன்பிறந்தவளின் துயரத்தை முகம் திருப்பாமல் கேட்பதே அரிது. அதைக் கற்றுக்கொண்ட நகரமே சகோதரி நகரம். அதைக் கற்றுக்கொண்ட பெண்ணே உண்மையான சகோதரி. நாமும் அவ்வாறே வாழ முயல்வோமாக!