நஞ்சுக்கொடி போட்ட சண்டை

பயிற்சி டாக்டரா இருந்தப்போ நடந்தது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

31 வாரக் கர்ப்பிணி ஒருத்தங்க இடுப்பு வலின்னு மதியம் ஓ.பி.க்கு வந்தாங்க. பிரஷர் பார்த்தேன், குழந்தையோட இதயத்துடிப்பு பார்த்தேன். நல்லா இருந்துச்சு. மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். "தண்ணி மாதிரி ஏதாவது போகுதாம்மா?"ன்னு மட்டும் கேட்கல.

மறுநாள் ராத்திரி 102 டிகிரி காய்ச்சலோட, பிரசவ வலியோட வந்தாங்க. மூணு நாளாவே கசிஞ்சிருக்கு. சிறுநீர்னு நினைச்சிருக்காங்க. வெளிய சொல்லக் கூச்சம் வேற.

குழந்தை பிறந்ததும் நேரா எஸ்.என்.சி.யு.வுக்குப் போச்சு. நான் நஞ்சுக்கொடியை டிரேல வச்சுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்க வேண்டிய பனிக்குடச் சவ்வு, மங்கி மஞ்சளா நாத்தத்தோட கிடந்துச்சு.

வெளிய மாமியார், "பப்பாளி தின்னாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே"ன்னு மருமகளைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தாங்க.

நஞ்சுக்கொடின்னா குழந்தைக்குச் சாப்பாடு கடத்துற உறுப்புன்னுதான் நினைக்கிறோம். அது காவலும் காக்குது. தாயோட ரத்தத்துல நனையுற அதன் மேல்தோல்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இடுக்கே கிடையாது. மொத்தமும் ஒரே விரிப்பு. கிருமி நுழைய ஒரு சந்து வேணுமில்லையா? மீறி உள்ள போனா, குழந்தையோட சொந்த விழுங்கு செல்கள் காத்திருக்கும்.

தாய்ப் பக்கத்துல என்.கே. செல்கள். கிருமி புகுந்த செல்லை அப்படியே கொல்றதுதான் இதுங்களோட வழக்கம். நஞ்சுக்கொடியில அதைச் செஞ்சா கர்ப்பத்துக்கே ஆபத்து. அதுக்கு ஒரு வழி வச்சிருக்குங்க. 2020ல 'செல்' இதழ்ல வந்த ஆய்வு இது: லிஸ்டீரியா கிருமி புகுந்த நஞ்சுக்கொடி செல்லுக்குள்ள, என்.கே. செல் நூல் மாதிரி ஒரு குழாயை நீட்டி கிரானுலைசின்ங்கிற புரதத்தை அனுப்புது. கிருமி சாகுது, செல் பிழைச்சுக்குது. படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு.

ஆனா லிஸ்டீரியா வர்றது ரத்தம் வழியா. இவங்களுக்கு வந்தது கீழேயிருந்து. பிறப்புறுப்புல இருக்கிற கிருமிகள் உடைஞ்ச சவ்வு வழியா மேல ஏறியிருக்கு. (கிருமி முதல்ல ஏறி சவ்வை உடைக்கிறதும் உண்டு.) ஏறின இடத்துல தாயோட வெள்ளணுக்கள் படையா குவியும். சவ்வை மங்கலாக்கினது அதுங்கதான். அந்தச் சண்டையில வர்ற ரசாயனங்கள் சவ்வை இன்னும் அரிக்கும், புராஸ்டாகிளாண்டினைக் கூட்டும், கர்ப்பப்பை சுருங்க ஆரம்பிக்கும். காப்பாத்த வந்த படையே பிரசவத்தைக் கிளப்பி விட்டுடும்.

அந்த மதியம் கேட்டிருந்தா, அன்னைக்கே அட்மிட் பண்ணி ஆன்டிபயாட்டிக் தொடங்கியிருப்போம். குழந்தையோட நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருப்போம். இப்போ ஓ.பி.யில எந்தக் கர்ப்பிணி வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான். துளித்துளியா கசிஞ்சாலும் சுத்தமான நாப்கின் வச்சுக்கிட்டு உடனே கிளம்பி வாங்க, ராத்திரி 2 மணியா இருந்தாலும். சிறுநீரா பனிக்குட நீரான்னு பார்த்துச் சொல்றது எங்க வேலை.

காலையில மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். "பப்பாளி இல்லம்மா, கிருமி. முந்தாநாள் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கணும், கேட்கல"ன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம், "புள்ளைக்கு எப்போ தாய்ப்பால் குடுக்கலாம் டாக்டர்?"னு கேட்டாங்க.