சரோஜினி நகரில் யாரும் முதுமையடைவதில்லை

சரோஜினி நகர் விநாயகர் கோயிலில் பொங்கல் தொன்னையோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர், எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று என் அத்தையிடம் விசாரித்தார். கும்பகோணம், மகன் வீடு என்று அத்தை சொன்னாள். அடுத்து அவர் கேட்டது: "என்ன கார்டும்மா வச்சிருக்கீங்க?"

ரேஷன் கார்டைக் கேட்கிறாரோ என்று அத்தை விழித்தாள். "ஆஸ்பத்திரி கார்டு. திடீர்னு உடம்புக்கு வந்தா டெல்லியில எதைக் காட்டுவீங்க?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி சன்னிதியில என்ன பேச்சு இது? பேரனைப் பார்க்க வந்திருக்கேன். ஆஸ்பத்திரியில படுக்க வரலை."

"குடை எடுத்துக்கிட்டுப் போறவன் மழை வரணும்னா வேண்டிக்கிறான்? எழுபது வயசுக்கு மேல நாம எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலையணும்? அலைஞ்சா கார்டோட அலையணும்."

"நாங்க எங்க அலையறோம்? பிள்ளைங்க ஊரை விட்டு வந்துட்டாங்க. அவங்களுக்கு லீவு கிடையாது. அதனால நாங்க ரயிலேறுறோம்." அத்தையின் குரலுக்கு நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

டெல்லித் தமிழர்களைப் பற்றி எனக்குள் பழைய எண்ணம் ஒன்று உண்டு. எந்த அமைச்சகம், எந்த லெவல் என்று அளந்து பார்த்துத்தான் பேசுவார்கள் என்பது. கார்டு பற்றிய கேள்வியையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் உடைந்துபோனது.

பெரியவர் மத்தியத் தலைமைச் செயலகப் பணியில் இருந்தவர். இதே சரோஜினி நகரில், இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ் ஒன்றில் பிள்ளைகளை வளர்த்தவர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் சொன்னால் மலிவு விலைத் துணிக்கடைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது அடிப்படையில் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. ஓய்வு பெற்றால் சில மாதங்களில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதனால் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் இங்கே எந்த வீட்டுக்காரரும் கிழவராவதில்லை. கிழவராகும் வேளையில் துவாரகாவுக்கோ நொய்டாவுக்கோ போய்விடுகிறார்கள், அல்லது ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மறுகட்டுமானத் திட்டத்தில் பழைய வீடுகள் இடிபட்டு, அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பெரியவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் தகர வேலி நிற்கிறது. கோயிலுக்காக அவர் துவாரகாவிலிருந்து வருகிறார்.

வீட்டை வாங்கிக்கொண்ட அரசாங்கம் அவரிடம் விட்டுவைத்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் அட்டை. 1954இல் டெல்லியில் தொடங்கிய திட்டம் இது. ஓய்வூதியர் பத்தாண்டுச் சந்தாவை ஒரே தொகையாகக் கட்டினால் ஆயுள் முழுவதற்கும் செல்லும். குளிர்காலத்தைச் சென்னையில் மகள் வீட்டில் கழிக்கிறார். அங்கே உள்ள டிஸ்பென்சரியில் இதே அட்டையைக் காட்டி ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொள்கிறார். 70 வயதைக் கடந்தவர் என்பதால் ரெஃபரல் கடிதம் இல்லாமலே சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம்.

"அப்ப உங்களுக்குக் கவலையே இல்லை" என்றேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். மனைவியோடு ராமேஸ்வரம் போன இடத்தில் அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்தில் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எதுவும் இல்லை. கிடைத்த இடத்தில் சேர்த்து, கைப்பணத்தைக் கட்டினார். அவசரச் சிகிச்சை என்பதால் பிறகு பணம் திரும்பி வந்தது, ஆனால் சி.ஜி.எச்.எஸ். நிர்ணயித்த விலைப்படிதான். மிச்சத்தை அவரே ஏற்க வேண்டியிருந்தது. அன்று முதல் பயணம் கிளம்பும் யாரைப் பார்த்தாலும் கேட்டுவிடுகிறார். அவர் கேட்ட கேள்வியில் பெருமை துளியும் இல்லை, பயம்தான் இருந்தது.

அன்று இரவு அத்தையின் பாலிசியை என் போனில் திறந்தேன். மகன் எடுத்துக்கொடுத்த தனியார் பாலிசி. இந்தியா முழுவதும் செல்லும் என்று முதல் பக்கம் சொன்னது. உள்ளே போனால் மண்டலம் என்று ஒரு பிரிவு. டெல்லி, மும்பை போன்ற பெருநகரங்கள் முதல் மண்டலம், அங்கே பிரீமியம் அதிகம். கும்பகோணம் முகவரி என்பதால் அத்தைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் குறைந்த மண்டலத்துக்காரர் உயர்ந்த மண்டலத்தில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை அவரே கட்ட வேண்டும். எல்லா நிறுவனமும் இப்படிப் பிடிப்பதில்லை. பிடிக்கும் பாலிசிகளில் 10, 20 சதவீதம் என்று இருக்கிறது. நாலு லட்ச ரூபாய் பில் வந்தால் எண்பதாயிரம் வரை கையிலிருந்து போகும்.

டெல்லியின் நவம்பர்க் காற்று அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காவிரிக் கரையில் மூச்சு விட்டுப் பழகிய உடம்பு விடிய விடிய இருமியது. காலையில் பக்கத்துக் கிளினிக்கில் நெபுலைசர் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து எழுதினார்கள். அட்மிஷன் தேவையில்லை என்றதும் எனக்கு நிம்மதி. அதே காரணத்தால் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அது 24 மணி நேரம் படுத்தவருக்கும், பட்டியலில் உள்ள பகல்நேரச் சிகிச்சைக்கும் உரியது. வயதானவர்களுக்குப் பயணத்தில் பெரும்பாலும் வருவது இருமல், வயிற்றுப்போக்கு, மறந்துபோன மாத்திரை. பெரியவரின் டிஸ்பென்சரி அந்தச் சின்னத் தொல்லைகளைப் பார்த்துக்கொள்கிறது. அத்தைக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு 2018 செப்டம்பரில் வந்தது ஆயுஷ்மான் பாரத். ஆண்டுக்கு ஐந்து லட்சம், எந்த மாநிலத்திலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை. 2024 அக்டோபர் 29இல் இது வருமான வரம்பில்லாமல் 70 வயதான எல்லாருக்கும் விரிந்தது. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் சேரலாம். சி.ஜி.எச்.எஸ். காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நாட்டின் தலைநகரமோ 2025 ஏப்ரலில்தான் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. பயணத்தில் செல்லுபடியாகும் உரிமை என்று திட்டம் சொன்னாலும், போய்ச் சேரும் மாநிலமும் அங்குள்ள மருத்துவமனையும் கையெழுத்திட்டிருந்தால்தான் அது உரிமை. இதிலும் புறநோயாளிச் செலவு வராது.

அத்தை படுத்திருந்த அந்த நாட்களில் எனக்குக் கோபம் வந்தது. மண்டலக் கணக்கில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெல்லியில் மருத்துவச் செலவு அதிகம், யாராவது கொடுத்தாக வேண்டும். ஆனால் திட்டமிட்டு அறுவை சிகிச்சைக்குப் பெருநகரம் தேடி வருபவரையும், பேரனைப் பார்க்க வந்த இடத்தில் மூச்சு முட்டிப் படுத்த 71 வயதுப் பெண்ணையும் ஒரே விதியில் அடைப்பது கொடுமை. அறுபதைக் கடந்தவர்களின் அவசரச் சிகிச்சைக்கு மண்டலப் பிடித்தம் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும். அதனால் முடியும். 65 வயது வரையாவது புதிய பாலிசி தர வேண்டும் என்றிருந்த விதியில் அந்த வயது வரம்பை 2024இல் எடுத்ததும் அதுதான். மூத்தோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே தன்னோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் கட்டுப்பாடு விதித்ததும் அதுதான்.

அதுவரை வேலை நம்முடையது. பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் அன்றே பாலிசியின் மண்டலப் பிரிவைப் படிக்க வேண்டும். போகும் ஊரில் கேஷ்லெஸ், அதாவது கைப்பணம் கட்டாமல் சிகிச்சை, தரும் மருத்துவமனைகள் இரண்டின் பெயரை எழுதி அவர்கள் பையில் வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அங்கும் கேஷ்லெஸ் கேட்க வழியுண்டு. ஆயுஷ்மான் அட்டைதாரர் 14555இல் விசாரிக்கலாம். மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்று பேரப்பிள்ளைகளின் போனிலும் இருக்கட்டும்.

இருமல் அடங்கியதும் அத்தை கேட்டது பாலிசி நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை. கோடையில் புனேயில் இருக்கும் மகளிடம் போக வேண்டுமாம். புனே எந்த மண்டலம், கூடுதலாகப் பணம் கட்டினால் மாற்றித் தருவீர்களா என்று அவளே விசாரித்தாள். பயணத்தை ரத்து செய்யும் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவளுடைய பிள்ளைகளை இந்த நாடு வேலைக்காக ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகும் அம்மாவின் உடம்புக்கும் அதே நாடு எல்லா ஊரிலும் ஒரே பொறுப்பேற்க வேண்டும்.