இத்தாலி தேசத்துக் கஷாயம்

இத்தாலி தேசத்தில் விருந்து என்றால் அது இலேசில் முடிகிற காரியம் அல்ல. முதலில் வாய்க்கு ருசியாக ஏதாவது சில்லறைப் பண்டம். பிறகு மாவுப் பண்டம். அப்புறம் இறைச்சியோ மீனோ. அதன் பின்னர் கீரை, பாலாடைக் கட்டி, பழம், தித்திப்பு. கடைசியில் ஒரு வாய்க் காப்பி. இவ்வளவும் ஆன பிறகு வீட்டுக்காரர் எழுந்து போய், அலமாரியிலிருந்து கறுத்த புட்டி ஒன்றை எடுத்து வருவார். மிகச் சிறிய கண்ணாடிக் கிண்ணங்களில் அதிலுள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அதை முதன் முதலாக வாயில் வைக்கும் அயல் நாட்டாரின் முகம் போகிற போக்கைப் பார்த்து, மேஜையைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவ்வளவு கசப்பு! பானத்தின் பெயரும் அதுவேதான். 'அமாரோ' என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கசப்பு என்றே பொருள்.

"மதுபானத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்தப் புட்டிக்குள் இருப்பது சாராயம் கலந்த சரக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது மதுக்கடையிலே பிறந்ததல்ல. மருந்துச் சாலையிலே பிறந்தது. மருந்தாகப் பிறந்த ஒன்று விருந்துக்கு வந்தது எப்படி? விருந்துக்கு வந்த பிறகும் அது மருந்துதானா? இவை குடிக்காதவர்களும் விசாரிக்கத் தக்க விஷயங்கள். வடக்கே ஆல்ப்ஸ் மலையிலிருந்து தெற்கே சிசிலித் தீவு வரையில் அந்தக் கசப்பைப் பின்தொடர்ந்தே ஒரு யாத்திரை போய் வரலாம்.

புறப்படுமுன் கொஞ்சம் பூர்வ கதை. நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே சாலெர்னோ என்று ஒரு கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. மத்திய காலத்தில் ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற வைத்தியக் கல்விச் சாலை அங்கே நடந்து வந்தது. திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்துச் சாராயம் இறக்கும் முறையை 12-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். தண்ணீரில் எளிதில் இறங்காத மூலிகைச் சத்துக்கள் பல சாராயத்தில் இறங்கும். இறங்கிய பின் நெடுநாள் கெடாமலும் இருக்கும். ஆகவே மடாலயத்துச் சந்நியாசிகள் தங்கள் தோட்டத்து வேரையும் பட்டையையும் சாராயத்தில் ஊற வைத்து, நோயாளிகளுக்குத் துளித் துளியாகக் கொடுக்கலானார்கள். பிளாரென்ஸ் நகரத்தில் டொமினிக் சபைச் சந்நியாசிகளின் மடத்தைச் சேர்ந்த மருந்துச் சாலை ஒன்று 1612-ஆம் வருஷத்தில் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சாந்தா மரியா நொவெல்லா என்னும் அந்தக் கடையை இன்றைக்கும் பார்க்கலாம்.

இனி ஆல்ப்ஸ் மலைக்குப் போவோம். ஸ்விட்ஸர்லாந்து எல்லைக்கு அருகே, பனிச் சிகரங்களுக்கு நடுவில், போர்மியோ என்னும் சிறிய ஊர். 1875-இல் பிரான்செஸ்கோ பெலோனி என்ற மருந்துக்கடைக்காரர், மலையில் விளையும் மூலிகைகளைச் சேர்த்து ஒரு கசப்புப் பானம் தயாரித்தார். பக்கத்திலுள்ள மலையின் பெயரையே அதற்கு வைத்து, 'பிரௌலியோ' என்று அழைத்தார். ஊர்த் தெருக்களுக்கு அடியிலுள்ள நிலவறைகளில், பெரிய மரப் பீப்பாய்களில் அது பக்குவமாகிறது. அதில் சேரும் சரக்குகளில் முக்கியமானது ஜென்ஷியன் என்னும் செடியின் வேர்.

இந்த ஜென்ஷியன் வேரைப் பற்றிச் சொல்லாமல் கசப்பைப் பற்றிப் பேச முடியாது. மஞ்சள் நிறப் பூக்களுடன் இடுப்பளவுக்கு வளரும் செடி அது. முதன் முதலாகப் பூக்கவே அதற்குச் சுமார் பத்து வருஷம் ஆகும். வேரிலுள்ள கசப்புச் சத்து ஒரு பங்கை ஐந்து கோடிப் பங்கு தண்ணீரில் கலந்தாலும் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும் என்று ரசாயன நூலார் சொல்லுகிறார்கள். வேர் தோண்டுகிறவர்களுக்கு ஓர் அபாயமும் உண்டு. அதே புல்வெளியில், பூக்காத காலத்தில் ஜென்ஷியனைப் போலவே தோன்றும் விஷச் செடி ஒன்று வளர்கிறது. ஜென்ஷியனின் இலைகள் தண்டில் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். விஷச் செடியின் இலைகள் மாறி மாறி இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் உயிர் தங்கியிருக்கிறது. ஆசைக்குத் தோண்டித் தோண்டிச் செடியே அருகி வந்ததனால், ஐரோப்பாவின் பல பாகங்களில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கி, கோமோ ஏரிக் கரையோடு தெற்கே வந்தால் மிலான் நகரம். அமாரோ சந்நியாசிகளின் கையிலிருந்து வியாபாரிகளின் கைக்கு மாறிய கதையை இங்கே காணலாம். 1815-இல் அவுசானோ ராமட்ஸோத்தி என்பவர் 33 சரக்குகளைச் சேர்த்துத் தம் பெயரால் ஒரு பானம் செய்தார். 1845-இல் பெர்னார்தினோ பிராங்கா என்பவர் 'பெர்னெட் பிராங்கா'வைக் கொண்டு வந்தார். இதில் சேருகிற சரக்குகள் 27 என்பார்கள். கரியபோளம், வெள்ளைப்போளம், ரேவல்சின்னி, குங்குமப்பூ, சீமைச் சாமந்தி, சிங்கோனாப் பட்டை என்று அந்த ஜாபிதாவைப் படித்துக் கொண்டு போனால், நமது நாட்டு மருந்துக் கடையின் இழுப்பறைகளைத் திறந்து பார்ப்பது போலவே இருக்கும். அந்தக் காலத்தில் பெர்னெட், காலராவுக்குக் கூட மருந்து என்று விளம்பரம் செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரையில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது, இது மருந்து என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்பனையாயிற்று. கசப்பு அவ்வளவு பலமாக இருந்தபடியால், இதை இன்பத்துக்காகக் குடிப்பார்கள் என்று அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை போலும்!

மிலான் மாதா கோயிலுக்கு எதிரே, கண்ணாடிக் கூரை வேய்ந்த அழகான கடை வீதி ஒன்று இருக்கிறது. ஐக்கிய இத்தாலியின் முதல் அரசரான விக்டர் இம்மானுவேலின் பெயர் தாங்கிய அந்த வீதி 1867-இல் திறக்கப்பட்டது. காஸ்பரே காம்பாரி என்பவர் அங்கே காப்பிக் கடை வைத்தார். அவர் செய்த சிவப்புக் கசப்பு, உணவுக்குப் பின்னால் அல்ல, உணவுக்கு முன்னால் குடிப்பது. பசியைத் திறந்து விடுவதாகக் கருதி, 'திறப்பது' என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து 'அபெரிதீவோ' என்று அதற்குப் பெயர். அதன் சிவப்பு நிறத்தைப் பற்றி ஒரு விசேஷம். கள்ளிச் செடியில் வாழும் பூச்சியை உலர்த்திச் செய்த சாயத்தையே வெகு காலம் அதில் சேர்த்து வந்தார்கள். 2006-ஆம் வருஷத்தில்தான் பெரும்பாலான நாடுகளில் அந்தச் சாயத்தைக் கைவிட்டார்கள்.

மிலான் நகரில் இன்னொருவரையும் சந்திக்க வேண்டும். அவர் பெயரை நேயர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அது ஒரு மனிதருடைய பெயர் என்று பலருக்குத் தெரியாது. பெலீச்சே பிஸ்லேரி 1851-இல் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே, 1866-இல், கரிபால்டியின் தொண்டர் படையில் சேர்ந்து தேசத்துக்காகப் போர் புரிந்தார். பிறகு 1881-இல், இரும்புச் சத்தையும் சிங்கோனாப் பட்டையையும் சேர்த்து ஒரு கசப்புப் பானம் செய்து விற்றார். சிங்கோனாவின் கசப்பு வெறும் ருசி அல்ல. அதிலிருந்து எடுப்பதுதான் கொயினா. நீலகிரி மலையில் 1860-க்குப் பின் சிங்கோனா மரங்களைப் பயிராக்கியதும் இதற்காகவே. அக்காலத்து இத்தாலியில் மலைக் காய்ச்சல் ஏழைக் குடியானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. கொயினாவைக் குறைந்த விலைக்கு ஜனங்களுக்கு விற்பதற்காக இத்தாலிய அரசாங்கம் 1900-இல் சட்டமே செய்தது. அந்தக் கசப்பு உண்மையாகவே உயிர் காத்தது. பிஸ்லேரியோ கசப்போடு நிற்கவில்லை. ஊற்றுத் தண்ணீரையும் புட்டியில் அடைத்து விற்றார். அவருடைய பெயர் 1965-இல் பம்பாய்க்கு வந்தது. இன்று நமது ரயில் நிலையங்களில் 'பிஸ்லேரி' என்று நாம் கேட்டு வாங்குவது கரிபால்டியின் தொண்டர் ஒருவருடைய பெயரைத்தான்.

மிலானிலிருந்து தெற்கேயும் கிழக்கேயும் போகப் போக, குடிக்கும் முறைகளும் மாறுகின்றன. பதுவா நகரில் 1919-இல் பிறந்த 'அபெரோல்' என்ற ஆரஞ்சு நிறக் கசப்பு, மற்றவற்றை நோக்க மிகவும் சாது. அதில் சாராயம் நூற்றுக்கு 11 பங்குதான். நுரை பொங்கும் திராட்சை மது மூன்று பங்கு, அபெரோல் இரண்டு பங்கு, ஸோடா ஒரு பங்கு என்று பனிக்கட்டியுடன் கலந்தால், அதுவே வெனிஸ் பிராந்தியத்தில் மாலை வேளையில் எல்லோர் கையிலும் காணப்படும் 'ஸ்பிரிட்ஸ்'. பிளாரென்ஸ் நகரத்தில் நெக்ரோனி என்ற பிரபு 1919-இல், காம்பாரியும் மூலிகை மதுவும் ஸோடாவும் சேர்ந்த தம் வழக்கமான கலவையில் ஸோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னாராம். அந்தக் கலவைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. போலோனா நகரத்தார், 1896-இல் இத்தாலிய இளவரசருக்கு மாலையிட்ட மொந்தெநேக்ரோ நாட்டு இளவரசியின் ஞாபகார்த்தமாகத் தங்கள் அமாரோவுக்கு 'மொந்தெநேக்ரோ' என்று பெயர் சூட்டினார்கள். வெனிஸ் வியாபாரி ஒருவர் 1952-இல் 'ஆர்ட்டிசோக்' என்னும் காயின் இலைகளைக் கொண்டு 'சினார்' என்ற கசப்பை வெளியிட்டார். காப்பியிலே சில துளி அமாரோ விட்டால் அதற்குத் 'திருத்திய காப்பி' என்று பெயர். காப்பி குடித்த பிறகு தனியே குடித்தால் 'காப்பியைக் கொல்வது' என்று பெயர். எந்த முறையானாலும் அளவு கொஞ்சந்தான். கசப்பை மடக் மடக்கென்று குடிக்க யாரால் முடியும்?

தென் இத்தாலியின் வறண்ட குன்றுகளுக்கு வந்தால், வெள்ளை வீடுகள் நிறைந்த பிஸ்தீச்சி என்ற ஊர். 1894-இல் அங்கே பலகாரக் கடை வைத்திருந்த பஸ்குவாலே வேனா 'லுகானோ' என்னும் அமாரோவைச் செய்தார். அந்தப் பிராந்தியத்து ஸ்திரீ ஒருத்தி ஊர் வழக்கப்படி உடை உடுத்து நிற்கும் படம் இன்றும் அதன் புட்டியை அலங்கரிக்கிறது. கடலைத் தாண்டிச் சிசிலித் தீவின் நடுவே போனால், கந்தகச் சுரங்கங்களுக்குப் பேர் போன கால்தானிஸ்ஸெத்தா. அவ்வூர் வியாபாரியான சால்வதோரே அவெர்னா ஒரு மடத்துக்கு உதவி செய்து வந்தார். நன்றி பாராட்டும் முறையில், 1859-இல் ஜிரோலமோ என்ற சந்நியாசி தம் கசப்பின் இரகசியத்தை அவருக்குக் கொடுத்தார் என்று அக்குடும்பத்தார் சொல்லுவார்கள். 1866-இல் புதிய இத்தாலிய அரசாங்கம் மடங்களைக் கலைத்துச் சொத்துக்களை எடுத்துக் கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, 1868-இல், அவெர்னா விற்பனைக்கு வந்தது. மடம் போயிற்று, கசப்பு தங்கிற்று. அதற்கும் ஒரு பின் கதை உண்டு. 2014-இல் மிலான் காம்பாரி கம்பெனியார் அவெர்னா ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கினார்கள். போர்மியோவின் பிரௌலியோவும் அந்தச் சொத்தோடு கூடவே கைமாறிற்று.

யாத்திரை முடிந்தது. முதலில் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: இது மருந்தா, மதுவா? கசப்பு நாக்கில் பட்டதும் உமிழ்நீர் சுரப்பது வாஸ்தவம். விஷச் செடிகள் பலவும் கசப்பானபடியால், கசப்பை அறிவதற்கென்றே மனிதருக்கு ஏறக்குறைய 25 விதமான உணர் கருவிகளை இயற்கை கொடுத்திருக்கிறது. ஆனால் சாராயத்தின் கதை வேறு. 2010-இல் ஸூரிக் நகரத்து வைத்தியர்கள், உருக்கிய பாலாடைக் கட்டியை வயிறாரச் சாப்பிட்ட 20 பேரைப் பரீட்சை செய்தார்கள். சிலருக்குத் தேநீர், சிலருக்குத் திராட்சை மது. பின்னர் சிலருக்குச் சாராயம், சிலருக்குத் தண்ணீர். சாராயச் சத்து சேரச் சேர இரைப்பை காலியாவது தாமதப்பட்டதே தவிர, துரிதப்படவில்லை. 2023-இல் உலக சுகாதார ஸ்தாபனமும், ஆபத்தில்லாத அளவு என்று மதுவுக்கு ஒன்று கிடையாது என அறிவித்துவிட்டது. ஆக, ஜீரணத்துக்கென்று கொண்டு வரும் புட்டியில் வேர் ஒரு பக்கம் இழுக்கிறது. சாராயம் மறு பக்கம் இழுக்கிறது.

அப்படியானால் இத்தாலியரிடம் நாம் பாராட்ட வேண்டியது எதை? கசப்பைத் தள்ளாத அவர்களுடைய நாக்கைத்தான். அந்த நாக்கு சாராயத்தை நம்பி இருக்கவில்லை. ரோமாபுரியில் குளிர் காலத்தில் கசப்பான கீரைத் தண்டுகளைப் பச்சையாகவே எண்ணெயும் பூண்டும் மீனும் கூட்டிச் சாப்பிடுகிறார்கள். வெனிஸ் பக்கத்தில் திரெவீஸோ ஊரின் சிவப்புக் கசப்புக் கீரையை நெருப்பில் வாட்டி உண்கிறார்கள். ஜெனோவாவுக்கு மேற்கே, சவோனா கடற்கரையில், எலுமிச்சை அளவுள்ள ஒரு வகை ஆரஞ்சு விளைகிறது. 'கினோத்தோ' என்று அதற்குப் பெயர். பச்சையாக வாயில் வைக்க முடியாது. அவ்வளவு புளிப்பும் கசப்பும். அதன் சாற்றைச் சர்க்கரையும் ஸோடாவும் சேர்த்துக் கறுப்பு நிறமான பானமாகச் செய்து, தேசம் முழுவதும் விற்கிறார்கள். அதில் சாராயம் ஒரு துளியும் இல்லை. கோடைக் காலத்தில் பாட்டனாரும் பேரனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அதைக் குடிக்கலாம். முதல் வாய்க்குப் பேரன் முகத்தைச் சுளித்தாலும், புட்டியை மிச்சம் வைப்பதில்லை.