ஓடாத நாள்

நாங்கள் நாலு பேர். விடிய நாலே முக்காலுக்கு ஹொஸ்டல் கேற்றைத் திறப்பித்து, பண்ணைப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி, எட்டு மணி லெக்சருக்கு ஈரத் தலையோட வந்து குந்துகிறவர்கள். போன வருடம் 10,000 மீற்றருக்குத் தெரிவாக வேண்டும் என்ற வெறியில் கிழமைக்கு ஏழு நாளும் ஓடினோம். பின்னேரம் மைதானத்தில் இன்னொரு தரம். ஞாயிற்றுக்கிழமை படுத்திருந்தால் களவெடுத்த மாதிரி ஒரு உறுத்தல். காலமைச் சாப்பாடு அநேகமாக ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும்தான். பாரம் குறைஞ்சால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்திருந்தோம்.

ஒன்றரை மாதத்தில் எங்கட நேரம் குறையவில்லை, கூடியது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து, இன்னும் இரண்டு கிலோமீற்றர்! உடம்பெல்லாம் அலுப்பு, ஆனால் படுத்தால் நித்திரை வராது. தடிமன் ஒருத்தியை விட்டு மற்றவளைப் பிடிக்கும். எழும்பின உடனே மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்போம். 58 இல் நின்றது 70 க்கு ஏறியிருந்தது. கம்பஸ் அண்ணா ஒருவர் எமில் சாடோபெக்கின் கதையைச் சொல்லி உசுப்பேத்துவார். 400 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடியே பழகின மனுசன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மரதன் மூன்றிலும் தங்கம். கதையின் மற்றப் பாதியை நாங்கள் பிறகுதான் வாசித்தோம். 1950 இல் பிரசல்ஸ் ஐரோப்பியப் போட்டிக்குச் சற்று முன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அதே சாடோபெக் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழும்பிப் போய் 5,000, 10,000 இரண்டையும் வென்றார். கட்டாய ஓய்வுதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்கிறவர்களும் உண்டு.

இடையில் எங்களில் ஒருத்திக்குப் பீரியட்ஸ் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால், நாங்கள் சந்தோசப்பட்டோம். "தொல்லை விட்டுதடி" என்று சிரித்தோம். வீட்டில் மூச்சு விடவில்லை. பொம்பிளைப் பிள்ளை ஓடினால் பிள்ளைத்தாச்சியாக மாட்டாள் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டு திரியும் ஊருக்கு நாங்களே சாட்சி கொடுக்கிறதா? அந்தப் பயத்தில் மூன்று மாதம் பேசாமல் இருந்தோம்.

பிறகு அவளின் முன்னங்கால் நோகத் தொடங்கியது. விரலால் ஒரே இடத்தை அமத்தினால் துள்ளுவாள். முதல் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சில கிழமைக்குப் பிறகு எடுத்ததில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு. டொக்டர் காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பிள்ளை, கடைசியாப் பீரியட்ஸ் எப்ப வந்தது?" என்றுதான் கேட்டார். நாங்கள் ஆளையாள் பார்த்தோம்.

ஓட ஓட எலும்பு பழைய பகுதியைக் கரைத்துப் புதிதாகக் கட்டுமாம். கரைக்கிறது கெதியில் நடக்கும், கட்டுவதற்கு மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் ஓய்வில்லாமல் அடித்தால் வெடிக்கும். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு ஈஸ்ட்ரஜனைக் குறைத்துவிடும். பீரியட்ஸ் நிற்பதும் எலும்பு மெலிவதும் அதனால்தான். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதற்கென்று தனிப் பெயரே வைத்தது. ஆம்பிளைகளுக்கும் வரும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஓட்டத்தில் பிழையில்லை, பட்டினியும் ஓய்வில்லாததும்தான் பிழை என்று டொக்டர் சொன்னபோது எங்களுக்கு அழுகை வந்தது. இந்த ஒரு வசனம் முதலே தெரிந்திருந்தால் அம்மாமாரோட கதைச்சிருக்கலாம்.

அவள் இரண்டு மாதம் ஓடவில்லை. நாங்கள் மூன்று பேரும் கிழமைக்கு இரண்டு நாள் விட்டோம். முதல் ஞாயிறு கட்டிலில் கிடந்து சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தது தனிக் கதை. தெரிவுப் போட்டி எங்களை விட்டுப் போய்விட்டது, அந்தக் கவலை இன்னும் கிடக்கு. காலமை இப்ப இடியப்பமும் சொதியும், முட்டை கிடைத்தால் முட்டையும்.

போன வியாழன் லெக்சர் நடுவில் எங்கட வட்ஸ்அப் குறூப்பில் அவள் ஒரு சொல் போட்டாள்: "வந்திட்டுது." பின்வாங்கிலிருந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் சேர் திரும்பிப் பார்த்தார்.