பெரியப்பா நுரையீரலில் ஒரு புள்ளி... கம்ப்யூட்டர் போட்ட வட்டம்!

'கேன்சரைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ' என்று அடிக்கடி ஒரு செய்தி எங்கள் டெஸ்க்குக்கு வரும். அது எங்கள் வீட்டுச் செய்தியாகவே மாறியபோதுதான், அந்த ஏ.ஐ உண்மையில் எதைக் கண்டுபிடிக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன்.

பெரியப்பாவுக்கு 63 வயது. தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் என்று முப்பது வருடம் பிடித்தவர். விட்டு ஆறு வருடமாகிறது. டாக்டர் சொன்னதால், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலில் 5 மி.மீ புள்ளியைச் சுற்றி கம்ப்யூட்டர் ஒரு வட்டம் போட்டிருந்தது. ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' என்ற வார்த்தை. அன்று பெரியம்மா சாப்பிடவில்லை. பெரியப்பாவோ, பாஸ்புக் எந்த டிராயரில் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாட்யூல் என்றால் சின்ன முடிச்சு, அவ்வளவுதான். ஒரு நெஞ்சு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ரத்தக்குழாயின் குறுக்குவெட்டும் அதில் புள்ளியாகத்தான் தெரியும். அடுத்தடுத்த படங்களிலும் நீண்டுகொண்டே போனால் குழாய். சட்டென்று முடிந்தால் நாட்யூலாக இருக்கலாம். இதைக் களைப்பில்லாமல் தேடுவதுதான் சாஃப்ட்வேரின் வேலை.

டாக்டர்களின் கண் போதாதா? அமெரிக்காவில் எல்.ஐ.டி.சி என்ற ஆய்வுத் தொகுப்புக்காக 1,018 ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் நான்கு ரேடியாலஜிஸ்ட்டுகள் பார்த்தனர். '3 மி.மீ அல்லது அதைவிடப் பெரிய நாட்யூல்' என்று ஒருவராவது குறித்தவை 2,669. நால்வரும் அப்படியே குறித்தவை வெறும் 928! ஆக, இன்னொரு ஜோடிக் கண் தேவைதான்.

ஆனால், வட்டம் போட்டதெல்லாம் கேன்சர் இல்லை. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், புகைபிடித்த 53,000-க்கும் அதிகமானோர் பங்கேற்றனர். எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சி.டி எடுத்தவர்களிடம் நுரையீரல் கேன்சர் மரணங்கள் 20% குறைந்தன. அதே ஆய்வில், சந்தேகம் என்று வந்த சி.டி முடிவுகளில் சுமார் 96% கேன்சரே இல்லை.

எங்கள் டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். "முன்னாடி டி.பி வந்திருக்கா? பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வந்துச்சுன்னு மாமியார் சொல்லியிருக்காங்க" என்றார் பெரியம்மா. பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து, 2021-ல் கொரோனா வந்தபோது எடுத்த சி.டி ஃபிலிமையும் கொண்டுவந்தார். அதே இடம். அதே 5 மி.மீ.

"இத்தனை வருஷமா வளரல. டி.பி விட்டுட்டுப் போன தழும்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா, வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார் டாக்டர். பெரியப்பா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

உங்கள் வீட்டிலும் பல வருடம் புகைபிடித்தவர் இருந்தால், அவர் இப்போது நிறுத்தியிருந்தாலும், ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ஃபிலிம், சி.டி எதையும் தூக்கிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு முன்பு என்னென்ன நோய் வந்தது என்று இன்றே கேட்டு எழுதிவையுங்கள். அந்த விவரம் எந்த சாஃப்ட்வேரிலும் இருக்காது.